ஆனை என்ன ஆயிற்று?

மாசாணியம்மன் குண்டத்துக்கு வரும்படி ஆனைமலையில் இருக்கும் என் நண்பர் வருஷந்தோறும் கடிதம் போடுவார். வருஷந்தோறும் நானும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக் கொள்வேன். இந்த வருஷம் கடிதத்தின் அடியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: "பேத்தி யாழ் வாசித்துக் கதை சொல்லப் போகிறாள். நீங்கள் வந்து உள்ளபடி அபிப்பிராயம் சொல்ல வேண்டும்."

"உள்ளபடி" என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். ஒரு வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அந்த வீட்டுப் பெண்ணின் கலையைப் பற்றி உள்ளபடி அபிப்பிராயம் சொல்லி மரியாதையாகத் திரும்பியவன் உண்டா? இருந்தாலும் போனேன். யாழ் என்ற சொல் இழுத்துவிட்டது. கோவிலில் சிற்பமாகப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் படமாகப் பார்த்திருக்கிறேன். விரல் பட்டு ஒலித்துக் கேட்டதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சங்கீதம் படித்தவன் அல்ல, கதை எழுதுகிறவன். சுருதி சேர்ந்ததா, பண் சரியா என்று என்னைக் கேட்டால் விழிப்பேன். கதை சேர்ந்ததா என்று கேட்டால் ஏதோ கொஞ்சம் சொல்வேன். அந்த அளவுக்கு மட்டும் இந்தக் கட்டுரையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நண்பர் வீடு தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. வாசலில் பந்தல் போட்டு, பாய் விரித்து, அக்கம் பக்கத்தாரையெல்லாம் அழைத்திருந்தார்கள். அறுபது எழுபது பேர் இருக்கலாம். முன் வரிசையில், கயிற்றுக் கட்டிலில், நண்பரின் தாயார். தொண்ணூறு வயசு நெருங்குகிறது. கண் மங்கினாலும் காது பழுதில்லை. ஊரில் எல்லாருக்கும் அவர் ஆத்தாதான்.

பெண் கோயமுத்தூரில் பொறியியல் படிக்கிறாள். மரவேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளே செய்வித்த யாழ் அது. படகுபோல் குடைந்த பத்தர், அதன்மேல் தோல், வில்போல் வளைந்து எழும் கோடு, பதினாலு நரம்பு. நரம்பு பதினாலானால் அது சகோட யாழ் என்று பழைய உரைகாரர்கள் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். இருபத்தொரு நரம்பு பேரியாழ்; ஏழு நரம்பு செங்கோட்டியாழ். தமிழ் நாட்டில் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. விபுலாநந்த அடிகள் பல வருஷங்கள் உழைத்து எழுதிய "யாழ் நூல்" 1947-ல் வெளியாயிற்று. அந்த வருஷமே அவர் மறைந்துவிட்டார். நூல் வந்தது, கருவி வரவில்லை. அது இப்போதுதான் ஒவ்வொன்றாக வருகிறது. சென்னையில் தருண் சேகர் என்பவர் யாழைப் புதிதாகச் செய்து காட்டியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் தனக்கும் ஆசை வந்தது என்றாள் பெண்.

அவள் எடுத்துக்கொண்ட கதை உதயணன் கதை. கொங்கு நாட்டுப் பெண் யாழை எடுத்தால் வேறு எந்தக் கதையை எடுப்பாள்? அந்தத் தேர்வுக்காகவே நான் மனசுக்குள் அவளுக்குப் பாதி மார்க் போட்டுவிட்டேன்.

அவள் தனியாக வாசிக்கவில்லை. பின்னால் ஒரு பெரிய வாத்திய கோஷ்டியே இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. வயலின்கள், குழல்கள், முரசு, கொம்பு எல்லாவற்றையும் கணினியில் சேர்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு தம்பி உட்கார்ந்து, அவள் கண் ஜாடை காட்டும்போதெல்லாம் பொத்தானை அழுத்துவான். உடனே பந்தலின் இரண்டு மூலையிலிருந்தும் ஐம்பது பேர் வாசிப்பது போன்ற நாதம் கிளம்பும். அவள் யாழை மீட்டுவாள். நிறுத்திக் கதை சொல்லுவாள். எழுந்து உதயணனாக நடப்பாள். உட்கார்ந்து வாசவதத்தையாக வெட்கப்படுவாள். குரலை மாற்றி அரசனாக அதட்டுவாள்.

நன்றாகவே செய்தாள். இதை உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. உஞ்சை நகரத்தில் நளகிரி என்ற யானை மதம் பிடித்துத் திரிகிறது. சிறையில் இருக்கும் உதயணனை அழைத்து யாழைக் கையில் கொடுக்கிறார்கள். அந்த இடத்தில் முரசும் கொம்பும் இரைந்து இரைந்து வந்து, சட்டென்று அடங்கி, யாழ் மட்டும் நாலைந்து ஸ்வரம் பேசியது. பந்தலில் ஒரு குழந்தைகூட அசையவில்லை. ஆனைமலைக்காரர்களுக்கு யானை என்றால் படத்தில் பார்க்கும் மிருகம் அல்ல; ராத்திரி தோப்புக்குள் வந்து தென்னங்கன்றைப் பிடுங்குகிற மிருகம். அவர்களே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.

அதற்குப் பிறகு யாழ்ப் பாடம், காதல், தப்பி ஓட்டம். பத்திராபதி என்ற பெண் யானைமேல் உதயணன் வாசவதத்தையை ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடுகிறான். இங்கே பெண் தன் கோஷ்டி முழுவதையும் அவிழ்த்துவிட்டாள். வயலின்கள் பறந்தன. முரசு குதித்தது. அவள் விரல் யாழில் ஓடியது கண்ணுக்குத் தெரிந்ததே ஒழியக் காதுக்குத் தெரியவில்லை. நாதம் உச்சிக்குப் போய் நின்றது. மறுபடியும் அவள் வாய் திறந்தபோது உதயணன் தன் நாட்டில் இருந்தான். கல்யாண மேளம் கொட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கைதட்டல் அடங்கியது. கயிற்றுக் கட்டிலிலிருந்து ஆத்தாவின் குரல் வந்தது.

"ஏஞ்சாமி, அந்த ஆனை என்னாச்சு?"

"எந்த ஆனைங்க ஆத்தா?"

"அவங்களச் சொமந்துட்டு ஓடுச்சே, அந்தப் பொட்டை ஆனை. ஊரு போய்ச் சேந்துச்சா, நடுவழியில உளுந்துருச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நண்பர், "ஆத்தாவுக்கு எப்பவும் இப்படித்தான்" என்று சமாதானம் சொன்னார். பெண்ணும் சிரித்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் பந்தல் கூரையைப் பார்த்தேன். ஏனென்றால், அந்த யானை செத்துப் போயிற்று. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வாசகர்களில் சிலருக்குக் கதை மறந்திருக்கலாம். சிலர் படித்திராமலும் இருக்கலாம். சொல்லிவிடுகிறேன்.

ஆனைமலையிலிருந்து வடக்கே, பொள்ளாச்சி, திருப்பூர் வழியாகப் போனால் சுமார் 100 கிலோமீட்டரில் விசயமங்கலம் இருக்கிறது. பழைய சமணக் கோவில் உள்ள ஊர். அந்த ஊர்க்காரர் கொங்குவேளிர். குணாட்டியர் பைசாச பாஷையில் செய்த பிருகத்கதை காலத்தில் அழிந்துபோயிற்று. அதன் வழியில் வந்த உதயணன் கதையைத் தமிழில் ஆசிரியப்பாவில் பாடினார் கொங்குவேளிர். அதற்குப் பெருங்கதை என்று பெயர். உ. வே. சாமிநாதையர் அதை 1924-ல் அச்சிட்டார். கிடைத்த ஏட்டில் தலையும் இல்லை, காலும் இல்லை. தொடக்கமும் முடிவும் அழிந்து நடுவுடல் மட்டும் மிஞ்சிய காவியம் அது. அந்த நடுவுடலே மிகப் பெரியது.

நம் தாத்தாமார் இதைப் பற்றி ஒரு வேடிக்கையும் சொல்லுவார்கள். நூலில் குற்றம் கண்டு கேள்வி கேட்க வந்த புலவர்களுக்கு, கொங்குவேளிர் தாம் பதில் சொல்லாமல், வீட்டில் வேலை செய்த பெண்ணைக் கொண்டு பதில் சொல்லச் செய்தாராம். கொங்குமண்டல சதகம் அதைக் கொங்கு நாட்டின் பெருமையாகவே வைத்துப் பாடியிருக்கிறது. நடந்ததோ, நடக்கவில்லையோ, கதையைப் பற்றிய கேள்வியும் பதிலும் புலவர் கூட்டத்துக்கு மட்டும் சொந்தமல்ல என்று அந்த ஊரார் நினைத்திருக்கிறார்கள். அன்று ராத்திரி ஆத்தா அந்தப் பழைய வழக்கத்தில்தான் பேசினார்.

உதயணனிடம் ஒரு யாழ் இருக்கிறது. பெயர் கோடபதி. எந்த மத யானையும் அந்த நாதத்துக்கு அடங்கும். யானைப் பித்துப் பிடித்தவன் என்பதை அறிந்த பகையரசன், ஆளை ஒளித்த பொய் யானை ஒன்றைச் செய்து காட்டில் நிறுத்தி அவனைப் பிடித்துவிடுகிறான். சிறை, நளகிரி, விடுதலை, அந்த அரசன் மகள் வாசவதத்தைக்கு யாழ் ஆசிரியன் வேலை. பாடம் காதலாகிறது. பத்திராபதிமேல் வாசவதத்தையையும் தோழி காஞ்சனமாலையையும் நண்பன் வயந்தகனையும் ஏற்றிக்கொண்டு உதயணன் ஓடுகிறான். ஓடுகிற வேகத்தில் கோடபதி நழுவிக் காட்டு மூங்கிலில் சிக்கிக்கொள்கிறது. நின்று எடுக்க நேரமில்லை. இன்னும் ஓடி, ஓடி, பத்திராபதி விழுந்து உயிரை விடுகிறது.

யாழ் போயிற்று. யானை போயிற்று. பிறகு ஒரு நாள் வாசவதத்தையும் தீயில் மாண்டுவிட்டாள் என்று அவனை நம்ப வைக்கிறார்கள். எல்லாம் போன மனிதன் வேறொரு பெண்ணை மணந்துகொண்டு அரசாளுகிறான். அப்போதுதான் காட்டு மூங்கிலில் கிடந்த யாழ் ஓர் அந்தணன் கைக்குக் கிடைத்து, அவனிடமிருந்து உதயணனிடம் வருகிறது. யாழைக் கண்டதும் மறைத்து வைத்திருந்த துயரமெல்லாம் வெளியே வருகிறது. யாழ் வந்த பிறகுதான் வாசவதத்தையும் வருகிறாள்.

இப்போது இந்தக் கதையிலிருந்து யாழை எடுத்துவிட்டுப் பாருங்கள். யானை அடங்காது; சிறைக் கதவு திறக்காது; பாடமில்லை, காதலில்லை, பிரிவில்லை, நினைவு திரும்புவதும் இல்லை. கதையே இல்லை. கொங்குவேளிர் யாழைக் கதைக்கு நகையாகப் போடவில்லை. அது கதையின் முதுகெலும்பு. கதையோடு இசையைச் சேர்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: இந்த வாத்தியத்தை எடுத்துவிட்டால் கதையில் என்ன குறையும்? ஒன்றும் குறையாது என்றால் அது வெறும் பக்கவாட்டு அலங்காரம்.

இந்தச் சோதனையில் நண்பரின் பேத்தி பாதி தேறிவிட்டாள். நளகிரி கட்டத்தில் யாழை எடுத்தால் ஒன்றுமே மிஞ்சாது. தப்பி ஓடும் கட்டத்தில் யாழை எடுத்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. ஏனென்றால் அது கேட்கவே இல்லை. வாத்திய கோஷ்டி அதை மூடிவிட்டது. யாழை மட்டுமா மூடியது? யானையின் சாவையும் சேர்த்து மூடிவிட்டது.

கொங்குவேளிர் அந்த இடத்தில் என்ன செய்தார் தெரியுமா? உஞ்சைக் காண்டத்தில் அதற்கென்றே தனியாக ஒரு பகுதி வைத்தார். "பிடி வீழ்ந்தது" என்பது அதன் தலைப்பு. வீரன் ஓடுகிறான், பகைவன் துரத்துகிறான், காதலி கூட இருக்கிறாள். இந்த அவசரத்தில், சுமந்த மிருகம் விழுந்ததென்று ஒரு பகுதி! அதோடும் விடவில்லை. வெகு தூரம் தள்ளி, உதயணன் அரசனாகி அமர்ந்த பிறகு, பத்திராபதியின் பேச்சு மறுபடியும் வருகிறது. அரசன் மறந்தாலும் கவி மறக்கவில்லை. தொலைந்த யாழ் வத்தவ காண்டத்தில் கிடைக்கிறது. வழியில் விட்டு வந்தவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவன் வாசலில் நிற்கின்றன. காவியத்தின் உயிர் அங்கே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வடமொழியில் பாஸரும் இதைக் கண்டிருக்கிறார். திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி 1912-ல் அச்சிட்ட "ஸ்வப்ன வாஸவதத்தம்" நாடகத்தில் ஆறாவது அங்கம். நர்மதைக் கரைப் புதரில் கிடந்த வீணையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அரசன் அதை வாசிப்பதில்லை. அவள் மடியில் கிடந்த நீ காட்டில் எப்படித்தான் கிடந்தாயோ என்று அதைப் பார்த்துப் புலம்புகிறான். சங்கீதக் கருவியை மேடைக்குக் கொண்டுவந்து, வாசிக்காமலே அழ வைக்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

இவ்வளவு சொன்னதால், கோஷ்டி வாத்தியமே கூடாது, ஒற்றை நரம்புதான் உத்தமம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அப்படிச் சொல்லத் தமிழனுக்கு உரிமையே இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம் என்று மேடைக்கு அளவு, மூன்று வகைத் திரை, அப்புறம் வாத்தியங்கள். குழலைப் பின்பற்றி யாழ், யாழைப் பின்பற்றித் தண்ணுமை, தண்ணுமையைப் பின்பற்றி முழவு என்று ஒன்றன்பின் ஒன்றாக அடி எடுத்து வைக்கின்றன. ஒன்று இன்னொன்றை மூடுவதில்லை. ஒன்றின் காலடியில் இன்னொன்று நடக்கிறது. இதற்கெல்லாம் விளக்கம் எழுதி வைத்த அடியார்க்கு நல்லாரும் நம் கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என்பார்கள். கோஷ்டிக்கு இலக்கணம் வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை.

வெளியூரையும் பார்க்கத்தான் பார்ப்போமே. ஜெர்மனியில் வாக்னர் என்ற மகா ஆரவாரக்காரர் இருந்தார். கதை, நாடகம், இசை மூன்றையும் ஒன்றாக்குகிறேன் என்று கிளம்பியவர். அவருடைய "ரைன் தங்கம்" என்ற இசை நாடகம் 1869-ல் மூனிக் நகரில் அரங்கேறியது. அதன் முடிவில் தேவர்கள் வானவில் பாலத்தின்மேல் தங்கள் புது மாளிகைக்கு ஊர்வலம் போகிறார்கள். கோஷ்டியில் ஆறு யாழ்கள் வேண்டும் என்று வாக்னர் எழுதியிருக்கிறார். ஒன்று இரண்டு அல்ல, ஆறு! ஆனால் அவர் ஏழாவதாக ஒரு யாழும் கேட்டிருக்கிறார். அது கோஷ்டியோடு சேராமல் தனியே மேடைப் பக்கம் இருக்கும். நதியிலிருந்து தங்கத்தைப் பறிகொடுத்த பெண்கள் கீழே இருந்து புலம்புகிறார்கள். ஏழாவது யாழ் அவர்களுக்கு. தேவர்களின் பெருமைக்கு ஆறு. பறிகொடுத்தவர்களின் துக்கத்துக்கு ஒன்று. அத்தனை சத்தத்திலும் அந்த ஒன்றுக்கு அவர் இடம் ஒதுக்கிவிட்டார். சத்தம் தப்பில்லை. சத்தத்துக்கு அடியில் யார் கிடக்கிறார்கள் என்பதை மறப்பதுதான் தப்பு.

சரி, வாக்னரையும் பாஸரையும் அறியாத ஆத்தாவுக்கு மட்டும் அது எப்படித் தெரிந்தது? மறுநாள் காலை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன்.

சின்ன வயசில் ராத்திரி ராத்திரியாக உடுக்கடிக் கதை கேட்டவர் அவர். பொன்னர் சங்கர் கதை, அண்ணன்மார் சாமி கதை. கொங்கு நாட்டில் அதைத் தெரியாதவர் இல்லை. 1965-ல் பிரெண்டா பெக் என்ற அம்மையார் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, அந்தக் கதையைப் பாடுகிறவர் பாடியபடியே ஒலிநாடாவில் பதிந்து, பிற்பாடு புத்தகமாகவும் கொண்டுவந்தார். பாடுகிறவர் கையில் ஓர் உடுக்கை. பக்கத்தில் பின்பாட்டுக்கு ஒருவர். கோஷ்டி அவ்வளவுதான். அந்த இரண்டாம் ஆள் சும்மா தலையாட்ட வந்தவர் அல்ல. "ஆமாமா" என்பார், "அப்புறம்?" என்பார், கூட்டம் கேட்க நினைப்பதையெல்லாம் கூட்டத்துக்காகக் கேட்பார். அண்ணன்மார் மாண்டு கிடக்கும் படுகளத்தைத் தங்கை தேடிப் போகிற கட்டத்தில் உடுக்கை மெல்ல மெல்லத் தணியும். வீரப்பூர்ப் படுகளத்தில் செத்தவர்களாக விழுந்து கிடப்பவர்களை எழுப்பினால்தான் கதை முடியும். விழுந்தவர்களை எண்ணாமல் அந்தக் கதையில் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் ஆத்தா. யானை ஏறி ஓடினார்கள் என்றால், இறங்கினார்களா என்று கேட்காமல் இருப்பாரா? பந்தலில் பின்பாட்டுக்காரர் இல்லை. அவர் வேலையை ஆத்தா செய்தார்.

"உங்களுக்கு ஆனையின்னா அத்தனை பிரியங்களா ஆத்தா?" என்று கேட்டேன்.

"பிரியமென்ன பிரியம்! எங்கப்பன் மலையிலிருந்து தேக்கு எறக்குன காலத்துல வண்டி ஓட்டுச்சு. அப்ப மரம் இழுக்கற ஆனை ஒண்ணு அடிவாரத்துல உளுந்துருச்சு. மூணு நாளு எந்திரிக்கல. ஊரே போய் நின்னுச்சு. பாகன் அது காதுல என்னமோ பேசிட்டே இருந்தான். செத்ததும் மஞ்சத்துணி போத்தி, குழி வெட்டிப் பொதச்சாங்க. அப்பறம் அந்தத் தேக்கை வேற ஆனை வந்து இழுத்துட்டுப் போச்சு. மரம் போய்ச் சேந்துருச்சுன்னு எல்லாத்துக்கும் தெரியும். ஆனையக் கேக்கறதுக்கு நாமதான இருக்கோம்?"

இதற்குமேல் ஒரு விமரிசகன் என்ன சொல்லிவிட முடியும்?

ஆனால் பேத்தியின் கட்சியையும் சொல்ல வேண்டும். அதையும் சொல்லாவிட்டால் நான் நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். தோப்புக்குள் நடக்கும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க தாத்தா, ஆனை செத்ததைச் சொல்லிப் பாத்தனுங்க. காலேஜில மொதத் தடவை பண்ணும்போது அந்த எடத்துல யாழ் மட்டுந்தான் வாசிச்சேன். ஓட்டமே நின்னு போச்சுங்க. பின்னால ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போனாங்க. பாதிப் பேரு கைப்பேசியப் பாத்தாங்க. அதுக்கப்பறந்தான் அந்த எடத்தை எடுத்துட்டுக் கோஷ்டியப் போட்டேன். அப்பறம் ஒருத்தரும் எந்திரிக்கறதில்லீங்க."

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு தொடர்கதை எழுதினேன். வெள்ளம் புரளும் ஆற்றைக் கடந்து, கல்யாணத்துக்கு முன் ராத்திரி, ஒரு கிழட்டு வண்டிக்காரர் கதாநாயகியைக் கரை சேர்க்கிறார். அடுத்த வாரம் கல்யாணம். பத்திரிகைக்குக் கடிதங்கள் குவிந்தன; எல்லாரும் கல்யாணத்தைப் பாராட்டினார்கள். ஒரே ஓர் அஞ்சல் அட்டை மட்டும், நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பென்சிலில் எழுதி வந்தது. "வண்டிக்காரர் திரும்ப ஆற்றைக் கடந்து வீடு போய்ச் சேர்ந்தாரா? மாடுகள் என்ன ஆயின?" அவ்வளவுதான். அதைப் படித்துச் சிரித்து, நண்பர்களிடமும் காட்டிச் சிரிக்க வைத்தேன். பதில் எழுதவில்லை. பதில் எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. ஓட்டம் கெட்டுவிடும் என்று அந்த மனிதரை ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டு வந்தவன் நான்.

அதை அவளிடம் சொன்னேன். பிறகு, "எழுந்து போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அம்மிணி. எழுந்து போகாதவர்களில் ஒருத்தர் கேள்வி கேட்கிறார் என்றால் அவரையும் எண்ணிக்கொள்ள வேண்டும்" என்றேன்.

கோஷ்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஓட்டத்துக்கு முரசு வேண்டும்; வயலினும் பறக்கட்டும். யாழ் நழுவி மூங்கிலில் விழுகிற இடத்தில் அவள் கையை நரம்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். கோஷ்டி மட்டும் ஓடட்டும். யாழ் இல்லாமல் ஓடுகிற நாதம் எத்தனை பெரிசானாலும் அதில் ஒரு வெறுமை இருக்கும். கதையின்படியே அப்போது அவனிடம் யாழ் இல்லை. யானை விழும்போது கோஷ்டியும் நிற்கட்டும். அந்த இடத்துக்கு வாத்தியமே வேண்டாம். வெறும் வாயால் சொல்லட்டும். யாழ் மறுபடி பேச வேண்டிய இடம் வத்தவ காண்டம். அது திரும்பக் கிடைக்கும் இடம். அதுவரை கேட்பவர்களும் அதற்காக ஏங்கட்டும். உதயணனுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேர்ந்தால்தானே அது கதை?

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அடுத்ததா நம்ம மாசாணி கதையப் பண்ணலாம்னு இருக்கேனுங்க" என்றாள்.

ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்ற குற்றத்துக்காக நன்னன் ஒரு பெண்ணைக் கொன்றான். எண்பத்தொரு யானையும் அவள் எடைக்குப் பொன்னில் ஒரு பாவையும் தருகிறோம் என்று மன்றாடியும் விடவில்லை. பரணர் அதைக் குறுந்தொகையில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்தான் இங்கே மாசாணியாகக் கிடக்கிறாள் என்பது ஆனைமலைக் கோவில் கதை.

"அந்தக் கதையில் யாழ் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"இல்லீங்களே" என்றாள்.

"அப்படியானால் யாழ் எதற்கு? உடுக்கை போதாதா என்று யோசித்துப் பார்" என்றேன். யாழ் செய்து நாலு மாசம்கூட ஆகாத பெண்ணிடம் அதைச் சொன்னது கொஞ்சம் கொடுமைதான். முகம் சுருங்கிவிட்டது. நண்பர் கேட்ட உள்ளபடி அபிப்பிராயம் அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் திண்ணையில் பேச்சுக் குரல் கேட்டது. பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். யாழ் சுவரில் சாய்ந்திருந்தது. கணினியும் இல்லை, தம்பியும் இல்லை. பத்திராபதி விழுந்த கதையை ஆத்தாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓடி வந்ததை, கால் தள்ளாடியதை, நின்றதை, விழுந்ததை. அவள் நடிக்கவில்லை. குரலையும் மாற்றவில்லை.

"அப்பறம்?" என்றார் ஆத்தா.

"அப்பறம் அவங்க நடந்து போனாங்க ஆத்தா."

"ஆனைய அப்பிடியே உட்டுட்டா?"

"அப்ப உட்டுட்டாங்க. பின்னால ராசாவானப்பறம் அதோட கதை திரும்பவும் வருதுங்க. நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு மறந்துறாத" என்றார் ஆத்தா.

ஊர் திரும்பியதும் பழைய கடிதக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். அந்த அஞ்சல் அட்டை கிடைத்தது. பென்சில் எழுத்து பாதி அழிந்துவிட்டது. விலாசம் மட்டும் படிக்க முடிகிறது. எழுதியவர் இருக்கிறாரோ இல்லையோ, பதில் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால், அந்த வண்டிக்காரர் அன்று ராத்திரி எப்படி ஆற்றைக் கடந்தார் என்பதை நான் கண்டுபிடித்தாக வேண்டும்.